தலைப்பிரசவமும் வலியும்

தலைப்பிரசவத்தை ஊசி மருந்தின்றித் தாங்க விரும்பும் பெண், முதலில் வலியை அறிந்துகொள்ள வேண்டும். பொய்வலி ஒழுங்கின்றி வரும். சற்று நடந்தால் அடங்கிவிடும். மெய்வலி அடங்காது, வரவர நெருங்கும், வலுக்கும். அப்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளாமல் மெதுவாக வெளியே விடுங்கள். இடையிடையே நடக்கலாம், தண்ணீர் குடிக்கலாம். கணவரோ மாமியாரோ இடுப்பை அழுத்தித் தேய்த்துவிட்டால் இதமாக இருக்கும்.

ஆனால் தோட்டத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போக நேரமாகும். ஆகவே எட்டாம் மாதத்திலேயே வண்டிக்குச் சொல்லி வையுங்கள். கிளினிக் அட்டையைத் துணிப்பையில் வையுங்கள். 10 நிமிடத்திற்கு ஒருமுறை வலி வந்தால் புறப்படுங்கள். பனிக்குடம் உடைந்தாலோ, இரத்தம் போனாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ வலிக்காகக் காத்திராமல் உடனே செல்லுங்கள். அங்கே மருந்து தேவைப்பட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள், அது தோல்வியல்ல.