வலையில் சிக்கிய திருக்கைக்கு விடுதலை

மத்தேயு நற்செய்தியில் வரும் வலை உவமையை நாம் அனைவரும் அறிவோம். கடலில் வீசிய வலை எல்லா வகை மீன்களையும் வாரி வருகிறது. கரையில் அமர்ந்து அவற்றைப் பிரிக்கிறார்கள். இன்றைய பெருங்கடல் மீன்பிடிப்பிலும் பிரிப்பதே கடினமான வேலை. சூரை மீனுக்கென விரித்த வலையில் மந்தா முதலிய கொம்புத் திருக்கைகளும் அகப்பட்டுக்கொள்கின்றன.

தலையின் முன்னால் கொம்புபோல் இரு மடல்கள். இறக்கைபோல் விரிந்த உடல். மந்தாவில் பெரிய வகை ஏறத்தாழ 7 மீட்டர் அகலம் வளரும். இத்துணைப் பெரிய உடலுக்கு உணவோ, நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களே! தாய்த் திருக்கை ஏறத்தாழ ஓராண்டு சுமந்து, பெரும்பாலும் ஒரே ஒரு குட்டியை ஈனும். அடுத்த குட்டிக்குச் சில ஆண்டுகள் ஆகலாம். சூரையோ இலட்சக்கணக்கில் முட்டையிடும். ஆகவே திருக்கையின் இழப்பு எளிதில் ஈடாவதில்லை.

சுருக்குமடி வலை மீன் கூட்டத்தை வட்டமாகச் சூழும். அடிக்கயிற்றை இழுத்தால் பைபோல் மூடிக்கொள்ளும். நீந்தினால்தான் செவுள்களில் நீர் பாய்ந்து திருக்கைக்கு மூச்சு. கப்பல் தளத்தில் மீன் குவியலுக்கடியில் கிடந்தால் என்னாகும்? பல நூறு கிலோ எடையைத் தூக்குவது தொழிலாளருக்கும் எளிதன்று. எனவே கொக்கியால் குத்தியும் செவுளில் பிடித்தும் இழுத்தெறியும் வழக்கம் ஏற்பட்டது. கடலில் விட்டால் மட்டும் போதாது. நியூசிலாந்துக் கடலில் கருவி பொருத்தி விடப்பட்ட திருக்கைகளில், தகவல் கிடைத்த 7இல் 4 சில நாள்களிலேயே இறந்தன.

இந்தியாவும் இலங்கையும் உறுப்பு வகிக்கும் இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் 2019இல் ஒரு விதி செய்தது. கொம்புத் திருக்கையைக் குறிவைத்து வலை வீசலாகாது. சிக்கியதைக் கப்பலில் வைத்துக்கொள்ளலாகாது. காயமின்றி விரைவில் விட வேண்டும். கொக்கியால் குத்தவோ, உடலில் துளையிடவோ கூடாது. பிழைப்புக்காக மீன்பிடிக்கும் சிறு மீனவருக்கு மட்டும் விலக்குண்டு.

இதற்கு எளிய கருவியொன்றும் உண்டு. மீன் கொட்டும் வாயின்மேல் கம்பிச் சட்டமொன்றை வைக்கிறார்கள். சூரை இடைவெளி வழியே கீழே விழும். பெரிய திருக்கை மேலேயே தங்கும். பாரந்தூக்கி சட்டத்தோடு அதைத் தூக்கிக் கடலில் இறக்கிவிடும். தொழிலாளருக்கும் வேலை எளிது. பிடித்த மீனுக்கும் நட்டமில்லை.

கட்டுப்பாடற்ற மீன்பிடிப்பால் சில இனங்கள் குன்றுவதைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் தம் 'இறைவா உமக்கே புகழ்' மடலில் சுட்டிக்காட்டினார். மீனவரின் பிழைப்பும் வேண்டும். இறைவன் படைத்த உயிரும் வாழ வேண்டும். இரண்டுக்கும் வழியிருக்கும்போது அதைக் கைக்கொள்வதன்றோ நம் கடமை!