வானில் வழியறிதல்: மாணவ விமானியின் அடிப்படைப் பாடம்

1935-ஆம் ஆண்டில் டாட்டா நிறுவனம் பம்பாய்க்கும் திருவனந்தபுரத்திற்கும் இடையே விமான அஞ்சல் சேவையைத் தொடங்கியபோது வழிகாட்டும் செயற்கைக்கோள்கள் இல்லை. இன்று அவை இருக்கின்றன. ஆயினும் வரைபடம், திசைகாட்டி, கடிகாரம் ஆகிய மூன்றைக் கொண்டே வழியறிதல் கற்பிக்கப்படுகிறது. இதற்குக் காரணம் என்ன?

திருவனந்தபுரத்திலிருந்து கொச்சி விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 105 கடல் மைல் தொலைவில் உள்ளது. பயிற்சி விமானம் ஒன்று மணிக்கு 90 கடல் மைல் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். மேற்கிலிருந்து மணிக்கு 15 கடல் மைல் வேகத்தில் காற்று குறுக்கே வீசினால், ஒரு மணி நேரத்தில் விமானம் 15 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 28 கிலோமீட்டர், கிழக்கே தள்ளப்படும். அத்திசையில் இருப்பது மேற்குத் தொடர்ச்சி மலை. பருவமழைக் காலத்தில் மேகங்கள் அதனை மறைத்துவிடுவதும் உண்டு. எனவே விமானி முன்கூட்டியே கணக்கிட்டு, விமானத்தின் முகப்பைச் சுமார் 10 பாகை இடப்புறம் திருப்பிச் செலுத்த வேண்டும். இதுவே 'காற்று முக்கோண'க் கணக்கு.

முன்னறிவிப்பின்படியே காற்று வீசும் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே அஷ்டமுடிக் காயல், வேம்பநாட்டுக் காயல் போன்ற அடையாளங்களைக் கொண்டு தன் இருப்பிடத்தை விமானி சரிபார்க்கிறார். இங்கு 'அறுபதுக்கு ஒன்று' என்னும் விதி உதவுகிறது: 60 மைலுக்கு 1 மைல் விலகினால் பிழை 1 பாகை. 45 மைல் சென்றபின் 3 மைல் வலப்புறம் விலகியிருந்தால் பிழை 4 பாகை. எஞ்சிய 60 மைலில் இலக்கை அடைய மேலும் 3 பாகை தேவை. ஆக, 7 பாகை இடப்புறம் திரும்ப வேண்டும்.

திருவனந்தபுரத்திற்கு ஒரு தனிச்சிறப்பும் உண்டு. காந்த நிலநடுக்கோடு இதன் அருகே செல்வதாலேயே 1963-இல் தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைந்தது. இங்கு திசைகாட்டி முள் ஏறக்குறைய கிடைமட்டமாகவே நிற்கும். திரும்பும்போது அது காட்டும் பிழையும் மிகக் குறைவு. காந்தக் கோட்டிலிருந்து வெகுதொலைவிலுள்ள நாடுகளில் பறக்க நேரும்போது இந்தப் பிழை பெரிதாகும் என்பதை இங்கு பயில்வோர் மறக்கலாகாது.

செயற்கைக்கோள் வழிகாட்டலைத் துல்லியமாக்க, இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமும் விமான நிலைய ஆணையமும் இணைந்து 'ககன்' அமைப்பை உருவாக்கியுள்ளன. எனினும் சமிக்ஞை தடைபடலாம், கருவி பழுதாகலாம். அந்நேரத்தில் தான் எங்கிருக்கிறோம் என்பதை அறியாத விமானிக்கு, எரிபொருள் எவ்வளவு நேரம் போதும் என்பதும் தெரியாது.

இதனாலேயே வணிக விமானி உரிமத் தேர்வில் வழியறிதல் தனிப் பாடமாக இடம்பெறுகிறது; அதில் தேர்ச்சி பெற 70 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். கருவி விடையைத் தருகிறது. அவ்விடை சரியானதா என்று கேட்கும் அறிவைத் தருவது இப்பாடமே.