டீசல் காரின் என்ஜின் மூடி

திருநள்ளாற்றுக்கும் நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் செல்லும் வெளியூர்க் கார்கள் நம் காரைக்கால் வழியே போகாத நாளே இல்லை எனலாம். அவற்றுள் எது பெட்ரோல் கார், எது டீசல் கார் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். டீசல் வண்டி நின்ற இடத்திலேயே 'கடகட'வென்று சத்தமிடும். புதுக் காரில் அது மெல்லக் கேட்கும். பழைய காரில் தெருக்கோடி வரை கேட்கும். இந்த வேறுபாட்டுக்கு என்ஜினின் வயது மட்டும் காரணமன்று. பானெட்டைத் தூக்கியதும் கண்ணில் படுகிறதே ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் மூடி, அதற்கும் இதில் பங்குண்டு. பலர் அதை அழகுக்காக வைத்த தட்டு என்றே எண்ணுகின்றனர். அது உடைந்து ஆடத் தொடங்கியதும் கழற்றி வீட்டு மூலையில் போட்டுவிடுகின்றனர். அல்லது கையில் கிடைத்த பஞ்சை அடியில் ஒட்டி மறுபடியும் மாட்டுகின்றனர். முன்னது காதுக்குத் தொல்லை. பின்னது உயிருக்கே ஆபத்து ஆகலாம்.

முதலில், டீசல் என்ஜின் ஏன் இவ்வளவு சத்தமிடுகிறது? பெட்ரோல் என்ஜினில் ஒரு பிளக் தீப்பொறி விட்டு எரிபொருளைப் பற்றவைக்கிறது. டீசல் என்ஜினில் அத்தகைய தீப்பொறி இல்லை. சிலிண்டருக்குள் வந்த காற்றைப் பிஸ்டன் ஏறத்தாழ 16-இல் ஒரு பங்கு முதல் 22-இல் ஒரு பங்கு வரை நெருக்கிவிடுகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதை நாம் அறிவோம். இங்கும் அதே செயல்தான். ஆனால் வெப்பம் 500 டிகிரியையும் தாண்டுகிறது. அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் அது தானே பற்றிக்கொள்ளும். ஆனால் பீய்ச்சியதற்கும் பற்றுவதற்கும் இடையே மிகச் சிறிய தாமதம் உண்டு. அதற்குள் சேர்ந்துவிட்ட டீசல் ஒரே நேரத்தில் எரிவதால் அழுத்தம் சட்டென்று ஏறிச் சம்மட்டி அடித்தாற்போல் சிலிண்டரை அதிரவைக்கிறது. நாம் கேட்கும் 'கடகட' அந்த அடியின் ஓசையே.

இவ்வகை என்ஜினைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசல், ஜெர்மானியப் பெற்றோருக்கு 1858-இல் பாரிஸ் நகரில் பிறந்தவர். (1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நம் ஊர்க்காரர்கள் இதைச் சொல்லி அவரிடம் உறவு கொண்டாடலாம்!) 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் அவருடைய என்ஜின் வெற்றியுடன் ஓடியது. அது பெரிய கனத்த எந்திரம். காரில் வைக்கும் அளவுக்கு அது சிறுத்து வர நெடுங்காலம் ஆயிற்று. மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் 260 டி என்னும் டீசல் காரை 1936-இல்தான் காட்சிக்கு வைத்தது. நம் நாட்டில் 1980-ஐ ஒட்டி டீசல் அம்பாசடர் வந்தது. அதன் 1,489 சி.சி. என்ஜினை மறைக்கத் தனி மூடி ஏதுமில்லை. கனத்த இரும்புப் பானெட்டே எல்லாம். அந்தக் காரில் பின்னிருக்கையில் அமர்ந்து பேச விரும்புவோர் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டும். பின்னாளில் வந்த 'காமன் ரெயில்' முறையில் முதலில் ஒரு துளி டீசலைப் பீய்ச்சிச் சிறு தீயை மூட்டிவிட்டுப் பிறகு மீதியைப் பீய்ச்சுகிறார்கள். ஆகவே அடியின் வேகம் குறைந்தது. மிச்சமிருக்கும் சத்தத்தை அடக்கத்தான் மேலே மூடி.

மூடியின் அமைப்பு எளியது. மேலே கடினப் பிளாஸ்டிக். அடியில் சத்தத்தை விழுங்கும் நுரைப்பஞ்சு. நாலு மூலைகளிலும் ரப்பர்க் குமிழ்கள். என்ஜின் மேல் நிற்கும் உருண்டைத் தலை ஆணிகளில் இந்த ரப்பர்கள் 'டக்'கென்று பொருந்துகின்றன. இவற்றுள் முதன்மையானது எது என்று கேட்டால் பஞ்சு என்றே எவரும் சொல்வர். நாங்களோ ரப்பர் என்போம். என்ஜினின் அதிர்வு மூடிக்கு ஏறாமல் தடுப்பது அந்த ரப்பரே. அது காய்ந்து கல்லாகிவிட்டால் அதிர்வு நேரே பிளாஸ்டிக்குக்குப் போகும். பிறகு அந்த அகன்ற மூடி, இழுத்துக் கட்டிய தவில் தோலைப்போல, சத்தத்தை அடக்குவதற்குப் பதிலாகப் பெருக்கிக் கொடுக்கும்.

நம் ஊரில் இம்மூடிக்குப் பகைவர் மூவர். வெப்பம் எங்கும் உள்ளதுதான். இரண்டாவது கடற்காற்று. அதிலுள்ள உப்பு ஆணிகளைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துருவேறிய ஆணி ரப்பரைக் கடித்துப் பிடித்துக்கொள்கிறது. மெக்கானிக் அவசரமாகத் தூக்கினால் மூடியின் அடியிலுள்ள குழல் போன்ற பிடிப்பு முறிந்துவிடும். ஒரு பட்டறையில் நாங்கள் பார்த்த உடைந்த மூடிகளில் பெரும்பாலானவை அந்த இடத்தில்தான் உடைந்திருந்தன. ஆணித் தலையில் சிறிது சிலிக்கோன் கிரீஸ் தடவி வைத்தால் இத்தொல்லை இல்லை. சாதாரண கிரீஸ் ரப்பரை உப்பவைக்கும், ஆகாது.

மூன்றாவது பகைவர், வயல் எலி. சம்பா அறுவடை முடிந்ததும் எலிகள் இருப்பிடம் தேடும். இரவில் நிறுத்திய காரின் என்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும். மூடிக்கடியில் மெத்தென்ற பஞ்சும் இருக்கும். இதைவிட நல்ல வீடு எலிக்கு ஏது? பஞ்சைப் பிய்த்துக் கூடு கட்டும், வைக்கோலும் கொண்டுவந்து சேர்க்கும், வயர்களையும் கொறிக்கும். வாரம் ஒருமுறை மூடியைத் தூக்கிப் பார்ப்பவர்க்கு இந்த விருந்தாளியால் பெருநஷ்டம் வராது.

இனி ஆபத்துக்கு வருவோம். பிடிப்பு விட்ட மூடி ஓட்டத்தில் ஆடி ஆடிப் பக்கத்திலுள்ள வயரையோ, டீசல் திரும்பும் மெல்லிய குழாயையோ உராயும். நாளடைவில் குழாய் பொத்தலாகி டீசல் கசியும். கசிந்த டீசலையும் என்ஜின் ஆயிலையும் பஞ்சு உறிஞ்சிக்கொள்ளும். டீசல் ஏறத்தாழ 210 டிகிரியில் தீப்பொறியின்றியே பற்றக்கூடியது. டர்போவும் புகைக்குழாயும் நெடுந்தூரப் பயணத்தில் அதைவிட மிகுதியாகச் சூடேறும். எண்ணெயில் ஊறிய பஞ்சு அவற்றின்மேல் விழுந்தால் என்ன நேரும் என்று சொல்ல வேண்டுவதில்லை. ஆகையால் எண்ணெய் ஊறிய பஞ்சைக் கழுவிக் காயவைத்து மறுபடி போடவே கூடாது. முதலில் கசிவை நிறுத்த வேண்டும். பிறகு பஞ்சைப் பிய்த்தெறிய வேண்டும்.

அதற்குப் பதில் எதைப் போடுவது? மெத்தைக் கடைப் பஞ்சு மலிவாகக் கிடைக்கும். ஆனால் எளிதில் தீப்பற்றி நச்சுப் புகை கக்கும். தெர்மோகோல் 100 டிகிரிச் சூட்டிலேயே நெகிழ்ந்துபோகும். நம் வகுப்புத் தோழி ஒருத்தி தென்னைநாரைச் சொன்னாள். சத்தத்தை அடக்குவதில் நார் கெட்டிக்காரன்தான். அடுப்பு மூட்டுவதிலும் அவ்வாறே! என்ஜின் அறைக்கென்றே செய்யப்பட்ட, அலுமினியத் தகடு ஒட்டிய, தீ தாங்கும் விரிப்பு கார் சாமான் கடைகளில் கிடைக்கிறது. அதையே வாங்க வேண்டும். பழைய பஞ்சின் கனத்துக்கு மேல் போகக்கூடாது. போனால் பானெட் மூடியை அமுக்கும், மூடி என்ஜினை அமுக்கும்; ரப்பர் இருந்தும் பயனில்லை. ஓரத்து அலுமினியம் பாட்டரி முனைகளின் பக்கம் நீளாமல் பார்த்து வெட்டவேண்டும். ஒட்டும் பசையும் வெப்பம் தாங்குவதாக இருக்கட்டும். இல்லையேல் ஒரு சித்திரை மாதப் பகலில் விரிப்பு முழுவதும் கழன்று கீழே விழுந்துவிடும்.

முறிந்த பிடிப்பை ஒட்டலாமா என்பது மூடியின் பின்புறத்தில் அச்சிட்டுள்ள எழுத்துகளைப் பொறுத்தது. 'பி.ஏ.' என்று தொடங்கினால் அது நைலான், அதனோடு 'ஜி.எஃப். 30' என்றிருந்தால் நூற்றுக்கு 30 பங்கு கண்ணாடி இழை கலந்தது என்று பொருள். சொரசொரப்பாகத் தேய்த்து எபாக்சிப் பசை இட்டால் ஓரளவு தாங்கலாம். 'பி.பி.' என்றிருந்தால் பாலிபுரொப்பிலீன். அதில் எந்தப் பசையும் எளிதில் நிற்பதில்லை, சூடுவைத்து உருக்கித்தான் இணைக்க வேண்டும். இரண்டு பிடிப்புகளுக்கு மேல் போய்விட்டால் ஒட்டுவது வீண்வேலை என்பது எங்கள் கருத்து.

புதிதாக வாங்குவோர், மூடியின் அடியிலுள்ள எண்ணையும் காரின் சேஸிஸ் எண்ணையும் குறித்துக்கொண்டு போகவேண்டும். பெயர் ஒன்றாயிருந்தாலும் ஆண்டுக்கு ஆண்டு மூடி மாறும். 1998-இல் வந்த டாட்டா இண்டிகாவின் உற்பத்தி 2018-இல் நின்றுவிட்டது. மாருதி நிறுவனம் 2020 ஏப்ரல் முதல் டீசல் கார் செய்வதையே நிறுத்திவிட்டது. ஆகவே சாமான் கிடைக்காமல் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய சாமான் கடைகளுக்குப் போகிறவர்கள் உண்டு. அங்கே வாங்கினால் நாலு பிடிப்புகளையும் எண்ணிப் பார்த்து வாங்குக. ரப்பர் மட்டும் புதியதாக இருக்கட்டும். சில கார்களில் காற்று வடிகட்டியின் பெட்டியும் மூடியோடு சேர்ந்தே இருக்கும். அத்தகைய மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டினால் டெல்டாச் சாலையின் தூசியும் பதரும் நேரே என்ஜினுக்குள் போகும். மற்றவற்றில் சில நாள் மூடியின்றி ஓட்டினால் சத்தம்தான் மிகும், என்ஜினுக்குக் கேடில்லை.

புது மூடியை மாட்டுமுன், மூடியில்லாமல் என்ஜினை ஓடவிட்டுக் கேட்பது நல்லது. அம்பாசடர் காலத்து மெக்கானிக்குகள் நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் முனையை என்ஜினில் ஊன்றிக் கைப்பிடியைக் காதோடு வைத்து எந்த சிலிண்டரில் கோளாறு என்று சொல்லிவிடுவார்கள். 'சுஸ்... சுஸ்' என்று ஒரு சீறல் கேட்டால் இஞ்செக்டரின் அடியிலுள்ள செம்பு வாஷர் போயிருக்கலாம். அதை மாற்றாமல் மேலே மூடியைப் போர்த்தினால் சத்தம் அடங்கும், நோய் வளரும்.

பெண்பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பாரும் உளர். கழன்ற சைக்கிள் செயினை மழையில் நின்று மாட்டிக்கொண்டு பள்ளிக்கு வருகிறவர்கள் நாம். இந்த மூடியைக் கழற்ற ஸ்பானர்கூடப் பெரும்பாலும் வேண்டாம். என்ஜின் நன்றாக ஆறியபின் இரு கைகளாலும் ஒவ்வொரு மூலையாக நேர்மேலே தூக்கினால் போதும். மாட்டும்போது நாலு முறை 'டக்' ஒலி கேட்க வேண்டும். மூன்றுதான் கேட்டதென்றால் எந்த மூலை என்று தேடுக. ஒரு வாரம் ஓட்டியபின் மீண்டும் தூக்கி அடிப்பக்கத்தை வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்க்கலாம். துணியில் எண்ணெய்க் கறை இருந்தால் மூடியை மாட்டாமலே காரைப் பட்டறைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.