இரவில் இழுப்பு வருவது ஏன்?

ராத்திரி 2 மணி. வீடே தூங்குகிறது. பிள்ளை மட்டும் எழுந்து உட்கார்ந்து கொண்டு திணறுகிறான். நெஞ்சுக்குள் பூனை கத்துவது போல ஒரு சத்தம். அம்மா முதுகை நீவி விடுகிறாள். பாட்டி வெந்நீர் கொண்டு வருகிறாள்.

"பனி பட்டுவிட்டது" என்கிறார் அப்பா.

பனி எங்கே பட்டது? கதவு, ஜன்னல் எல்லாம் மூடித்தான் கிடக்கின்றன. கட்டிலுக்கு அடியில் கொசுவர்த்தி புகைந்து கொண்டிருக்கிறது!

இழுப்பு என்று சொல்லும் ஆஸ்துமா உள்ளவர்களின் மூச்சுக் குழாய் மிகவும் ரோஷமானது. மற்றவர்கள் பொறுத்துக் கொள்ளும் புகையும் தூசியும் அதற்கு ஆகாது. குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகிவிடும். உட்புறம் வீங்கும். சளி சுரக்கும். வழி குறுகிவிடும். அந்தக் குறுகிய வழியில் காற்று போய் வரும் சத்தம்தான் பூனைச் சத்தம்.

தெருவில் லாரி போனால் எல்லோரும் மூக்கைப் பொத்துகிறார்கள். வீட்டுக்குள் இருக்கும் புகையை யார் கவனிக்கிறார்கள்?

ஒரு சுருளும் நூறு சிகரெட்டும்

கொசுவர்த்திச் சுருளில் கொசு மருந்து கொஞ்சம்தான். மீதி எல்லாம் மரத்தூள், தேங்காய் ஓட்டுத்தூள் போன்றவை. புகைவது அதுதான். இதைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி 2003-ம் ஆண்டு வெளிவந்தது. ஒரு சுருள் எரிந்தால், 75 முதல் 137 சிகரெட் வரை எரித்தது போல மிக நுண்ணிய துகள்கள் வெளிவருகின்றன என்று அதில் கண்டார்கள். கண்ணுக்குத் தெரியாத இந்தத் துகள்கள் நுரையீரலின் அடிவரை போய்விடும்.

வீட்டுக்குள் பீடி பிடிக்க விடாத தாய்மார்கள் கூட, இதைத் தினமும் ஏற்றி வைக்கிறார்கள்!

சுருளை நிறுத்தினால் கொசு சும்மா விடுமா? மலேரியாவும் யானைக்கால் நோயும் கொசுவால் வருபவை அல்லவா? கொசுவலைதான் நல்ல வழி. வலைக்குள் புழுங்குகிறது என்பார்கள். புழுக்கத்தைப் பொறுக்கலாம். மூச்சுத் திணறலைப் பொறுக்க முடியுமா?

மின்சாரத்தில் செருகும் திரவ மருந்தில் புகை இல்லை. ஆனால் அதன் வாடையும் சிலருக்கு ஒத்துக்கொள்வது இல்லை.

பாட்டியின் சாம்பிராணி

குழந்தையைக் குளிப்பாட்டியதும் சாம்பிராணி போடுவது பாட்டியின் வழக்கம். ஆசையோடு செய்வது. வேண்டாம் என்று சொல்ல மருமகளுக்கு வாய் வராது. ஆனாலும் இழுப்பு உள்ள குழந்தைக்கு அது கூடாது. ஈரம் போகத் துண்டால் துவட்டினாலே போதும். ஊதுபத்தியும் அப்படித்தான். விளக்கும் பூவும் வைத்துக் கும்பிட்டால் சாமி கோபித்துக் கொள்ளாது.

ஏழை வீடுகளுக்குக் காஸ் இணைப்பு கொடுக்கும் உஜ்வலா திட்டம் 2016-ம் ஆண்டு தொடங்கியது. இருந்தும், சிலிண்டர் விலைக்குப் பயந்து வெந்நீருக்கு மட்டும் விறகு எரிக்கும் வீடுகள் உண்டு. அந்த அடுப்பைத் திறந்த வெளியில் வைத்து, பிள்ளையைத் தள்ளி இருக்கச் செய்ய வேண்டும்.

தலையணைக்குள் யார்?

புகை இல்லாத வீட்டிலும் சிலருக்கு இழுப்பு வருகிறது. காரணம் மெத்தையிலும் தலையணையிலும் குடியிருக்கும் தூசிப் பூச்சி. கண்ணுக்குத் தெரியாது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் பொடிதான் அதன் ஆகாரம். அதன் எச்சம் மூச்சில் கலந்தால் இழுப்பு வரும். ஹாலந்து நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 1964-ம் ஆண்டு இதை எடுத்துக் காட்டினார்கள். விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒரு முறை நல்ல சூடான நீரில் துவைத்து, வெயிலில் காயப்போட வேண்டும்.

இதையெல்லாம் செய்தாகிவிட்டது என்று டாக்டர் கொடுத்த இன்ஹேலரை நிறுத்திவிடக் கூடாது. "உறிஞ்சி உறிஞ்சிப் பழக்கமாகிவிடும்" என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அது வீண் பயம்.

மூச்சு வாங்கிப் பேச முடியாமல் போனாலோ, உதடு நீலம் பூத்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். 108-க்கு போன் செய்தால் ஆம்புலன்ஸ் வரும். காசு கேட்கமாட்டார்கள்.