எம். எஸ். நீலமும் தறிக்காரர் கையும்

சேயாற்றங்கரையில், சம்பந்தர் பதிகம் பெற்ற மாகறலில் ஈசனைத் தரிசித்துக் காஞ்சிக்குத் திரும்புவோர் தவறாது செய்யும் காரியங்கள் இரண்டு. வரதராஜப் பெருமாளுக்கு நிவேதனமாகும் குடலை இட்லியை மிளகும் சுக்கும் மணக்கப் புசிப்பது ஒன்று; பட்டுக் கடைக்குச் செல்வது மற்றொன்று.

கடையில் 'எம். எஸ். நீலம்' கேட்கிறார்கள். 1947-ல் ஹிந்தி 'மீரா' படத்தின் கீதங்களால் தேசமெங்கும் புகழ்பெற்ற ஸ்ரீமதி எம். எஸ். சுப்புலக்ஷ்மியின் பெயர் ஒரு நிறத்துக்கே நிலைத்துவிட்டது. மகிழ்ச்சியே. ஆயின், அச்சேலையை நெய்தவர் யாரென்று நாம் கேட்பதுண்டோ?

உடலையும் கரையையும் மூன்று நாடாக்களால் இணைக்கும் கோர்வை நெசவுக்குத் தறிக்காரருடன் துணையாள் ஒருவரும் உழைக்க வேண்டும். விசைத்தறிப் போலியோ அதே பெயரைச் சூடி மலிவாக விலைபோகிறது. சில ரகங்களைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985-ல் சட்டம் பிறந்தது. பின்னர்க் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வாங்குவோர் கண்மூடியிருப்பின் இவற்றால் விளையும் பயன் என்ன?

பட்டு முத்திரை நூலின் தூய்மையைச் சொல்லும், தறியைச் சொல்லாது. ஆகவே கைத்தறி முத்திரையையும் கேளுங்கள். நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்குங்கள். மேடையில் சுதேசியம் பேசும் நண்பர்கள் கடையிலும் இக்கேள்வியைக் கேட்பாராயின், ஒரு தறியேனும் நில்லாது ஓடும்.