வண்டி நின்ற பிறகு

நிறுத்தச் சொல்லியும் நிற்காத வாகனத்தைக் காவல் துறையினர் பின்தொடர்ந்து மறிக்க முயல்வது துரத்தல் எனப்படும். கைது செய்வதற்காகவோ தற்காப்புக்காகவோ ஒருவர் மேல் கை வைப்பது தொடங்கித் துப்பாக்கியால் சுடுவது வரை காவலர் செய்யும் அனைத்தும் பலப்பிரயோகம் எனப்படும். சட்ட நூல்களில் இவை இரண்டும் வெவ்வேறு அத்தியாயங்களில் வந்தாலும், நடுச்சாலையில் ஒன்றன் வாலைப் பிடித்துக்கொண்டே மற்றொன்று வருகிறது. துரத்தலின் ஆபத்து அதன் வேகத்தில்தான் இருக்கிறது என்பது பொதுவான எண்ணம். ஆனால் நீதிமன்றங்களையும் வீதிகளையும் கொந்தளிக்கவைத்த வழக்குகள் பலவற்றில் அடியோ குண்டோ விழுந்தது வண்டி ஓடிக்கொண்டிருந்தபோது அல்ல, நின்ற பிறகு. அந்தச் சில நிமிடங்களைப் பற்றி நம் சட்டமும் பயிற்சியும் மிகக் குறைவாகவே பேசுகின்றன.

சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நான்கு மாவட்டங்களை உள்ளடக்கிய சேலம் காவல் சரகத்தில் இதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 2024 செப்டம்பர் 27 விடியும் முன்பாகக் கேரளத்தின் திருச்சூரில் மூன்று ஏடிஎம் மையங்கள் கேஸ் கட்டரால் அறுக்கப்பட்டு, சுமார் 65 லட்சம் ரூபாய் கொள்ளைபோனது. கொள்ளையர்கள் தாங்கள் வந்த காரையே ஒரு கன்டெய்னர் லாரிக்குள் ஏற்றி மறைத்துக்கொண்டு, திருச்சூரையும் சேலத்தையும் இணைக்கும் 544ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை வழியே தமிழகத்துக்குள் நுழைந்தனர். காரைத் தேடிய கண்களுக்கு லாரி சந்தேகத்தைத் தராது என்ற கணக்கு நாமக்கல் மாவட்டம் குமாரபாளையம் வரை பலித்தது. அங்கே நிற்காமல் பாய்ந்த லாரி வழியில் வந்த வாகனங்களை இடித்துத் தள்ளியபடி வெப்படை நோக்கி ஓட, போலீஸார் துரத்திச் சென்று மடக்கினர்.

துரத்தல் அத்துடன் முடிந்தது. துப்பாக்கிச் சூடு அதற்குப் பிறகு நடந்தது. போலீஸ் தரப்பு விவரித்தபடி, பிடிபட்ட லாரியைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லும் வழியில் கன்டெய்னருக்குள்ளிருந்து சத்தம் கேட்டிருக்கிறது. லாரியை நிறுத்திக் கதவைத் திறக்கச் செய்தபோது உள்ளே இருந்தவர்களில் ஒருவர் பணப்பையுடன் குதித்து ஓட, அவரும் ஓட்டுநரும் போலீஸாரைத் தாக்க, காவலர்கள் சுட்டதில் ஓட்டுநர் உயிரிழந்தார். மற்றவர் காலில் குண்டடி பட்டார். காவல் அதிகாரிகள் இருவர் காயமடைந்தனர், ஐந்து பேர் கைதாயினர். ஏழு பேர் கொண்ட, ஆயுதங்களுக்கு அஞ்சாத ஒரு கும்பலை எதிர்கொண்ட காவலர்களின் துணிச்சலை எவரும் குறைத்து மதிப்பிட முடியாது. எனினும் எழுப்பியே ஆகவேண்டிய கேள்வி துப்பாக்கியின் விசையை இழுத்த நொடியைப் பற்றியது அல்ல. லாரி மடக்கப்பட்டதற்கும் கதவு திறக்கப்பட்டதற்கும் இடையில் எடுக்கப்பட்ட முடிவுகளைப் பற்றியது. கார் ஒன்று தேடப்பட்டுவரும் வேளையில், காரை விழுங்கும் அளவுக்கு இடமுள்ள ஒரு பெட்டி, அதற்குள் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கப்படாமலே மீண்டும் சாலையில் நகர்த்தப்பட்டதா, அப்படியானால் ஏன் என்பதே அந்தக் கேள்வி. கூட்டமும் போக்குவரத்தும் சூழ்ந்த இடத்தில் கதவைத் திறப்பது அதைவிட ஆபத்தாகத் தோன்றியிருக்கவும் கூடும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை இங்கே பார்த்துவிடலாம். 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்துக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43ஆம் பிரிவு, கைதைப் பலவந்தமாக எதிர்ப்பவரையும் தப்பிக்க முயல்பவரையும் பிடிப்பதற்குத் தேவையான எல்லா வழிகளையும் காவலர் கையாளலாம் என்கிறது. அதே பிரிவு, மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றம் சாட்டப்படாத ஒருவரின் உயிரைப் போக்கும் உரிமையை இது தரவில்லை என்று கடிவாளமும் போடுகிறது. தப்பாமல் தடுக்கத் தேவையானதற்கு மேல் ஒருவரைக் கட்டுப்படுத்தக் கூடாது என்பது 46ஆம் பிரிவு. இவற்றுக்கு அப்பால், தன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ உடனடி ஆபத்து நேரும்போது எல்லாக் குடிமக்களுக்கும் உள்ள தற்காப்புரிமை காவலருக்கும் உண்டு. என்கவுன்ட்டர் எனப்படும் மோதல் சாவுகள் அனைத்தும் நீதிமன்றத்தில் கடைசியாக வந்து நிற்கும் தூண் இந்தத் தற்காப்புரிமைதான். குற்றவாளி என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரைக் கொல்வது காவல் துறையின் கடமை அல்ல என்று 2012இல் ஓம் பிரகாஷ் வழக்கில் கூறிய உச்ச நீதிமன்றம், 2014 செப்டம்பர் 23 அன்று மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் 16 நெறிமுறைகளை வகுத்தது. மோதல் சாவு ஒவ்வொன்றுக்கும் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும். விசாரணையை சிஐடியோ வேறொரு காவல் நிலையத்தின் குழுவோ நடத்த வேண்டும். மாஜிஸ்திரேட் விசாரணை தேவை. சுட்ட துப்பாக்கியைத் தடயவியல் ஆய்வுக்கு ஒப்படைக்க வேண்டும். சம்பவம் நடந்த கையோடு பதக்கமோ பதவி உயர்வோ தரக் கூடாது என்பன அவற்றில் முக்கியமானவை. இவை எல்லாமே குண்டு பாய்ந்ததற்குப் பிறகு செய்ய வேண்டியவை. பாய்வதற்கு முந்தைய அரைமணி நேரத்தைக் கேள்விக்கு உட்படுத்தும் வரையறை எதுவும் அவற்றில் தெளிவாக இல்லை.

அந்த அரைமணி நேரத்தைத்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2025 மே 15 அன்று ஒருமனதாக விசாரணைக்குள் கொண்டுவந்தது. வாடகைக் கார் ஒன்றின் பெயரில் சுங்கக் கட்டண பாக்கி இருந்ததற்காக டெக்சஸில் ஓர் அதிகாரி அதை நிறுத்தினார். கார் மீண்டும் நகரத் தொடங்கியதும் அதன் படியில் தாவி ஏறிச் சுட்டதில் ஓட்டுநர் இறந்தார். சுடும் அந்தக் கணத்தில் அதிகாரியின் உயிருக்கு ஆபத்து இருந்ததா என்பதை மட்டும் பார்த்த கீழ் நீதிமன்றங்களின் அளவுகோலை உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டு, நிகழ்வின் முழுச் சூழலையும் பார்க்க வேண்டும் என்றது. ஓடும் வண்டியில் தாவி ஏறியவர் தமக்கான ஆபத்தைத் தாமே உண்டாக்கிக்கொண்டாரா என்ற கேள்வியை மட்டும் அது தீர்க்காமல் விட்டது. பிரான்சில் 2023 ஜூன் 27 அன்று, நான்தேர் நகரில் மோட்டார் சைக்கிள் போலீஸார் துரத்திய கார் நெரிசலில் நின்ற பிறகு, ஜன்னலோரம் நின்ற காவலர் சுட்டதில் அதை ஓட்டிய 17 வயது இளைஞர் இறந்தார். கார் தங்கள் மேல் ஏற வந்தது என்ற முதல் விளக்கத்தை, யாரோ எடுத்த காணொளி பொய்யாக்கியது; நாடெங்கும் பல நாட்கள் கலவரம் மூண்டது.

துரத்தலுக்குப் பிந்தைய வன்முறைக்கு உலகம் அறிந்த அடையாளம் லாஸ் ஏஞ்சலிஸின் ராட்னி கிங். 1991 மார்ச் 3 நள்ளிரவுக்குப் பின் அதிவேகமாக ஓடி, கடைசியில் நின்ற காரிலிருந்து இறக்கப்பட்ட அவரைக் காவலர்கள் ஐம்பதுக்கும் மேற்பட்ட முறை தடியால் அடித்ததை எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒருவர் படம்பிடித்தார். அடுத்த ஆண்டு நடுவர் குழு காவலர்களை விடுவித்ததும் மூண்ட கலவரத்தில் 60 பேருக்கு மேல் மாண்டனர். பின்னர் கூட்டாட்சி நீதிமன்றத்தில் இருவர் தண்டிக்கப்பட்டனர். துரத்தல்களைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த ஜெஃப்ரி ஆல்பர்ட் போன்ற குற்றவியலாளர்கள் விளக்குவது இதுதான்: துரத்தும் நிமிடங்களில் உடலில் பெருகும் அட்ரினலின் இதயத் துடிப்பை ஏற்றி, பார்வையைக் குறுக்கி, எதிரே இருப்பவரைத் தன்னை மீறிச் சென்றவராகவே காட்டுகிறது, வண்டி நின்றாலும் அந்த வெறி சட்டென்று வடிவதில்லை. நம்மூர் வழக்கில் சொன்னால், ஓடவிட்டதற்கான ஆத்திரம் அது. அதனால்தான் துரத்திச் சென்ற காவலரே கைதும் செய்யாமல், பின்னால் வந்து சேரும் மற்றொருவர் அதைச் செய்யட்டும் என்ற நடைமுறை அமெரிக்காவில் பரிந்துரைக்கப்பட்டது. கேட்பதற்கு மிகச் சிறிய மாற்றம்தான். ஆனால் ஒரு ஜீப்பில் மூன்று பேர் மட்டும் போகும் இரவு ரோந்தில் அந்த இரண்டாம் ஆள் எங்கிருந்து வருவார் என்பதற்கு நம்மிடம் பதில் இல்லை.

தமிழகத்தின் துரத்தல்களில் பெரும்பாலானவை லாரியையோ காரையோ துரத்துபவை அல்ல. இருசக்கர வாகனத்தைத் துரத்துபவை. கார்க் கூட்டுக்குள் இருப்பவருக்கு இரும்பு கவசமாகிறது. பைக்கில் இருப்பவருக்கு உடம்பே வண்டியின் வெளிச்சுவர். ஓடும் பைக்கின் மேல் விழும் ஒரு லத்தி வீச்சோ ஓர் உதையோ பலப்பிரயோகமாகவும் விபத்தாகவும் ஒரே நேரத்தில் ஆகிவிடுகிறது. 2018 மார்ச் 7 அன்று திருச்சி துவாக்குடியில் தலைக்கவசம் இல்லாமல் வந்த தம்பதி நிற்காமல் செல்ல, போக்குவரத்துக் காவல் ஆய்வாளர் ஒருவர் துரத்திச் சென்று பைக்கை உதைத்ததாகவும், அதில் கீழே விழுந்த பெண் உயிரிழந்ததாகவும் எழுந்த புகாரில் அவர் கைது செய்யப்பட்டார். ஆயிரக்கணக்கானோர் தஞ்சாவூர் சாலையை மறித்தனர். தலைக்கவசம் அணியாத குற்றத்துக்கு மோட்டார் வாகனச் சட்டம் அப்போது முதல்முறைக்கு விதித்திருந்த அபராதத்தின் உச்சம் 100 ரூபாய். 2019 திருத்தத்துக்குப் பிறகு அது 1,000. எந்தத் தொகையை வைத்து அளந்தாலும் ஓடும் வண்டியை உதைப்பதற்கு நியாயம் கிடைக்காது. பதிவெண் கண்ணுக்குத் தெரியும் வண்டி ஓடி ஒளிய முடியாது என்பதையே 2019 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் வேறு சொற்களில் சொன்னது: தலைக்கவசம் அணியாதவரைத் துரத்தவோ சாலை நடுவில் பாய்ந்து மறிக்கவோ வேண்டாம், கேமராவில் பதிந்து நடவடிக்கை எடுக்கலாம் என்று.

சேலம் மாவட்டத்துக்குள்ளேயே நினைவில் நிற்கும் சம்பவம் 2021 ஜூன் 22 அன்று நடந்தது. ஊரடங்கால் சேலம் உள்ளிட்ட 11 மாவட்டங்களில் டாஸ்மாக் திறக்கப்படாதிருந்த நாட்களில், கல்வராயன் மலைப் பக்கமிருந்து பைக்கில் நண்பர்களுடன் திரும்பிய கடைக்காரர் ஒருவர், வாழப்பாடி அருகே பாப்பநாயக்கன்பட்டி சோதனைச் சாவடியில் லத்தியால் அடிக்கப்பட்டு, மறுநாள் உயிரிழந்தார். அங்கே துரத்தல்கூட இல்லை. வண்டி நின்றிருந்தது, வாய்ப்பேச்சு முற்றியிருந்தது, அவ்வளவுதான். உடனிருந்தவர் செல்போனில் எடுத்த காட்சி பரவியதும் சிறப்பு உதவி ஆய்வாளர் கைதானார். குடும்பத்துக்கு முதல்வர் 10 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்தார். ஆத்திரத்துக்குத் துரத்தலின் வேகம் அவசியமில்லை, நிற்பவர் பணியவில்லை என்ற எண்ணமே போதும் என்பதை இச்சம்பவம் காட்டுவதால், துரத்தலைத் தடை செய்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்று வாதிடுவோர் இதைச் சற்று யோசிக்க வேண்டும்.

காவல் துறையின் செய்திக் குறிப்புகளில் இதற்கென்றே ஒரு தனி மொழி வளர்ந்திருக்கிறது. துரத்தும்போது பாலத்திலிருந்து குதித்ததில் கை முறிந்தது, கழிவறையில் வழுக்கி விழுந்ததில் கால் முறிந்தது என்ற வாசகங்களுடன் மாவுக்கட்டுப் படம் வெளியாவதும், அதற்குச் சமூக ஊடகங்களில் கைதட்டல் கிடைப்பதும் வழக்கமாகிவிட்டன. மாவுக்கட்டு என்ற மருத்துவச் சொல் ஒரு தண்டனையின் பெயராகவே தமிழில் மாறியிருக்கிறது. காவல் நிலையக் கழிவறைகள் கைதிகளுக்கு மட்டும் வழுக்குவது எப்படி என்று 2025இல் சென்னை உயர் நீதிமன்றமே கேட்க வேண்டி வந்தது. இந்தக் கைதட்டலில் பொதுமக்களுக்கும் பங்கிருப்பதை மறைத்துவிட்டுக் காவலரை மட்டும் குறைசொல்வது நேர்மையாகாது.

துரத்துவது கட்டாயமா, தேர்வா என்ற கேள்விக்குச் சேர்வராயன் மலையின் நில அமைப்பே ஒரு பாடம் வைத்திருக்கிறது. சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மலைச்சாலையில் இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது விதி. ஒவ்வொரு வளைவிலும் எதிரே வருவது பேருந்தா, காபி மூட்டை ஏற்றிய லாரியா என்பது முனையைத் திரும்பும்வரை தெரியாது. 2024 ஏப்ரல் 30 அன்று ஏற்காட்டிலிருந்து இறங்கிய தனியார் பேருந்து கவிழ்ந்து உயிர்கள் போனது இச்சாலையில்தான். அதைத் துரத்தியவர் எவருமில்லை. இத்தகைய சாலையில் ஒரு பைக்கை ஜீப் விரட்டுவது என்பது முன்னே போகிறவரையும் எதிரே ஏறிவருபவரையும் சேர்த்தே பணயம் வைப்பது.

அதே மலை, விரட்டாமலே பிடிக்கும் வசதியையும் தருகிறது. மேலே வாழவந்தி போன்ற ஊர்களிலிருந்து எந்தப் பக்கம் வண்டியைத் திருப்பினாலும், சேலத்தை நோக்கி இறங்கும் பெரிய சாலைகள் இரண்டே: அடிவாரம் வழி ஒன்று, குப்பனூர் வழி மற்றொன்று. மேலே நிற்காமல் போன வண்டியின் எண்ணை வயர்லெஸ் மைக்கில் சொல்லிவிட்டால், இருபது வளைவுகளையும் சுற்றி அது கீழே வந்து சேர்வதற்குள் அடிவாரத்தில் தடுப்புக் கம்பத்தை இறக்கி, சாலையோரம் கூட்டத்தை விலக்கி, விளக்கைப் போட்டு வைக்கப் போதிய நேரம் இருக்கிறது. அங்கே காத்திருக்கும் காவலர் அந்த வண்டியைத் துரத்தியிருக்க மாட்டார். அவருடைய மூச்சு சீராக இருக்கும்.