கடல் தெரிகிறது, காகிதம் தெரிகிறதா?

ஓய்வு பெறும் வயது நெருங்க நெருங்க, வடக்கே வாழும் நம்மவர் பலர் மனத்தில் ஒரு வீடு எழும்பத் தொடங்கிவிடுகிறது. சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில், பால்கனியில் நின்றால் கடல் தெரிகிற வீடு! கட்டி முடித்த வீடு என்றால் விலை எட்டாது. "அஸ்திவாரத்துக்கு முன்பே புக் பண்ணிடுங்க சார், பாதி விலை" என்று புரோக்கர் சொல்லும்போது காதில் தேன் பாய்கிறது.

அப்படி வாங்குவதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பணம் கட்டும் அன்று அங்கே வீடு இல்லை. ஒரு வண்ணப் படமும் புரோக்கரின் பேச்சும்தான் இருக்கின்றன. ஆயிரம் மைல் தள்ளி இருக்கும் நாம், பேச்சைக் கேட்டுக்கொண்டு காகிதத்தைத்தான் நம்பவேண்டும்.

கொச்சியை அடுத்த மரடில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். காயல் ஓரத்தில் நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகள், 300-க்கும் மேற்பட்ட வீடுகள். பஞ்சாயத்து அனுமதி இருந்தது. பத்திரப் பதிவு நடந்தது. மக்கள் குடியேறி வரியும் கட்டினார்கள். கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிப்படி பெறவேண்டிய அனுமதி மட்டும் இல்லை. 2019 மே 8 அன்று உச்ச நீதிமன்றம் இடிக்க உத்தரவிட்டது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். இடைக்கால நஷ்டஈடு தர நீதிமன்றம் உத்தரவிட்டது உண்மைதான். ஆனால் குடியிருந்த வீடு போனது போனதுதான்.

இந்தக் கடலோர விதி 1991-லேயே வந்தது. பிறகு 2011-லும் 2019-லும் மாற்றி எழுதப்பட்டது. கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை இதன் எல்லை. கடல்நீர் ஏறி இறங்கும் கழி, முகத்துவாரம் ஆகியவற்றின் கரைகளும் இதில் அடக்கம். ஆகவே, "நம்ம மனை ரோட்டுக்கு மேற்கே இருக்கு, கடல் தூரம்" என்ற சமாதானம் முட்டுக்காடு கழியின் பக்கத்தில் செல்லாது. கடலோர அனுமதி உண்டா, தேவையில்லை என்றால் ஏன் என்பதை எழுத்தில் கேளுங்கள்.

அடுத்தது ரெரா எனப்படும் 2016-ஆம் ஆண்டுச் சட்டம். மனை 500 சதுர மீட்டருக்கு மேல் இருந்தாலோ, வீடுகள் எட்டுக்கு மேல் இருந்தாலோ, ஆணையத்தில் பதிவு செய்யாமல் விளம்பரம்கூடச் செய்யக்கூடாது. அத்தகைய திட்டங்களை விற்றுத்தரும் ஏஜெண்டும் பதிவு பெற்றிருக்க வேண்டும். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும் முன் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது. வசூலாகும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் போட்டு அந்தத் திட்டத்துக்கே செலவிட வேண்டும். சொன்ன தேதியில் வீடு தராவிட்டால், விலகிக்கொண்டு வட்டியோடு பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

சென்ற ஆண்டு ஒரு புரோக்கருடன் மனை பார்க்கப் போனேன். "இன்னிக்கே இரண்டு லட்சம் டோக்கன் போடுங்க, நாளைக்கு ரேட் ஏறிடும்" என்றார். பதிவு எண் கேட்டேன், உடனே தந்தார். ஆணையத்தின் இணையதளத்தில் பார்த்தால், அந்த எண் அதே கம்பெனியின் வேறொரு மனைக்கு உரியது! "பிரிண்டிங் மிஸ்டேக் சார்" என்றார். ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தேன். நாளைக்கு ஏறும் ரேட்டைவிட, இருபத்தைந்து வருஷத்து பி.எஃப். பணம் எனக்குப் பெரிது.

எல்லாப் புரோக்கரும் அப்படியல்ல. நல்லவர், நாம் கேட்கும் முன்பே தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, திட்ட அனுமதி எல்லாவற்றின் நகலையும் எடுத்து வைப்பார். அவற்றைப் படித்துப் பார்க்கும் வக்கீல் மட்டும் நாம் அமர்த்தியவராக இருக்கட்டும். புரோக்கர் கூட்டிவருபவர் வேண்டாம். "நீங்க அலைய வேண்டாம், ஒரு பவர் எழுதிக் குடுங்க, நானே பார்த்துக்கறேன்" என்று யாராவது பரிவு காட்டினால், அன்றே ரயில் டிக்கெட் எடுத்து நேரில் போய்விடுங்கள்.